பட்டிக்குள் புகுந்தது நாயா, நரியா?

கேள்வி: மூலனூர் பக்கம் எட்டு ஏக்கர் கொறங்காடு (வேலி கட்டிய மேய்ச்சல் நிலம்) இருக்குதுங்க. போன வாரம் ராத்திரி பட்டிக்குள் ஏதோ புகுந்து ஒன்பது செம்மறியைக் கடித்துக் கொன்றுவிட்டது. நாலு ஆடு காயத்தோடு கிடக்குது. நரிதான் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா. செத்த ஆட்டில் குருணை மருந்தை (பயிருக்குப் போடும் பூச்சி விஷம்) தடவி வேலியோரம் போடச் சொல்கிறார். காட்டில் முயல், கவுதாரிகூட முன்போல் இல்லை. மருந்து வைக்கலாமுங்களா?

பதில்: வைக்காதீங்க. அதற்கு முன் அந்த நாலு ஆட்டைக் கவனியுங்கள். கடித்தது வெறிநாயா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். கடிபட்ட நாள், 3, 7, 14, 28ஆம் நாள் என்று வெறிநோய்த் தடுப்பூசி போடுவது வழக்கம். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விடாமல் இன்றே மாட்டாஸ்பத்திரிக்குப் போங்கள். கழுவுகிறவர் வெறுங்கையால் தொட வேண்டாம்.

இனி, யார் கடித்தது? ஒன்பது ஆடு என்கிறீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. நரிக்கு ஒரு ராத்திரிக்கு ஒரு குட்டி போதும். கழுத்தைக் கவ்வும், முடிந்தால் மறைவுக்கு இழுத்துப் போய் வயிற்றைக் கிழித்துத் தின்னும். நாய்க்கூட்டம் அப்படியில்லை. ஆடு மிரண்டு ஓட ஓட அதற்கு வெறி ஏறும். பின்தொடை, விலா, காது என்று வாய்க்கு எட்டிய இடத்தைப் பிடுங்கிவிட்டு, தின்னாமலே அடுத்த ஆட்டுக்குத் தாவும். பிரேதப் பரிசோதனையில் தோலை உரிக்கும்போது பார்த்தால் தெரியும்: மேலே சின்ன ஓட்டைதான் இருக்கும், உள்ளே கறி நசுங்கி உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டியிருக்கும்.

காலடியையும் பாருங்கள். நாய்த் தடம் அகலமாக, நகம் பதிந்து, அங்குமிங்கும் அலையும். நரித் தடம் சின்னது, ஒடுக்கமானது, நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்து நடக்கும், அதனால் நகம் பதியாது. 2023இல் ஊதியூர் மலைப் பக்கம் சிறுத்தை வந்ததே, அதனால்தான் சொல்கிறேன். சந்தேகம் என்றால் தடத்தின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மருந்துக்கு நாய், நரி என்ற பேதம் தெரியாது. விடிந்ததும் முதலில் இறங்குவது காக்கை. பிறகு பருந்து, கீரி, கடைசியில் உங்கள் பட்டி நாய். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி விஷம் வைப்பதும் வேட்டைதான். மயில் ஒன்று செத்தால் போதும், குறைந்தது 3 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. நாயைக் கொன்றாலும் வழக்குதான். நரியோ கூலி கேட்காமல் எலி பிடிக்கிற ஆள். மயில் தொல்லை என்று புலம்புகிறோம், மயில் முட்டையைத் தின்கிற நரியையும் கீரியையும் நாமே கொல்கிறோம்.

முயல், கவுதாரி குறைந்ததற்கும் நான் முதலில் சந்தேகப்படுவது இதே நாய்களைத்தான். கவுதாரி தரையில் புல் மறைவில் முட்டையிடுகிற பறவை. கொழுக்கட்டைப் புல்லை ஒட்ட மேய்த்துவிட்டால் அதற்கு ஒளிய இடமில்லை. ஒரு மூலையில் அரை ஏக்கரை, வெள்வேல மரத்தடிப் புதரோடு, மேய்க்காமல் விட்டுப் பாருங்கள்.

நாய்க்கூட்டம் பெருகுவது சோற்றால். கறிக்கடைக் கழிவும் பண்ணையில் செத்த கோழியும் ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டோரத்தில், வாய்க்கால் கரையில் விழுகின்றன. அந்த ருசி பழகியதுதான் பட்டிக்கு வருகிறது. பிடித்து வேறு ஊரில் விட்டால் காலி இடத்துக்குப் புதுக்கூட்டம் வரும். 2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய் ஊசியும் உள்ளாட்சியின் பொறுப்பு. ஊர்க்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, கழிவு கொட்டும் இடத்தையும் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். பெரியப்பாவிடமும் கேளுங்கள், அவர் தோட்டத்து நாய்கள் ராத்திரியில் கட்டிக் கிடக்கின்றனவா என்று. கோபப்படுவார், பரவாயில்லை.

கிளுவை வேலி மாட்டுக்குத்தான் தடை. நாய் அதன் அடியிலேயே நுழைந்துவிடும். எட்டு ஏக்கரையும் அடைக்கப் பணம் போடாதீர்கள், ராத்திரி ஆடு அடையும் இடத்தை மட்டும் அடையுங்கள். பட்டியைச் சுற்றிய படலுக்கு (மூங்கில், குச்சித் தட்டி) வெளியே ஆறடிக் கம்பிவலை. அடியில் ஒன்றரை அடி வலையை வெளிப்பக்கமாக மடக்கித் தரையோடு படுக்க வைத்துக் கல் ஏற்றுங்கள். நாய் எப்போதும் வேலியின் காலடியில்தான் பறிக்கும், பறித்த இடத்தில் வலை தட்டினால் பின்னால் போய்ப் பறிக்க அதற்குத் தோன்றாது. கலர் விளக்கு, வெடிச்சத்தமெல்லாம் நாலு நாளைக்குத்தான். கரண்டை நேரடியாக வேலிக்குக் கொடுக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது.

இன்னொரு முறை இப்படி நடந்தால் புதைக்க அவசரப்படாதீர்கள். கிடக்கிற நிலையிலேயே போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.வுக்குச் சொல்லி, டாக்டரை வரவழைத்துப் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். இழப்பீடு கேட்க அந்தக் காகிதம் வேண்டும். அதன் பிறகு ஆளுயரக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, மேலே உடைமுள் போட்டு மூடுங்கள்.