அப்பாவின் மாருதி 800-ஐ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பா 2006-ல் வாங்கிய மாருதி 800 எங்கள் வீட்டில் இருக்கிறது. நான் ஓட்டக் கற்றுக்கொண்டதே அதில்தான். அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது; ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) இன்னும் அவர் பெயரில்தான். 2021-ல் எடுத்த எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) சீக்கிரம் முடியப் போகிறது. புது கார் எடுக்கும் ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்கு 45,000 ரூபாய் என்கிறார்கள். தெரிந்த புரோக்கர் ஒருவர் 60,000 தருவதாகவும், "பேப்பர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றும் சொல்கிறார். அம்மாவுக்குக் கொடுக்கவே மனசில்லை. என்ன செய்யலாம்? (அஸ்தம்பட்டி வாசகர்)

பதில்: புரோக்கருக்கு முதலில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு லட்சமே தந்தாலும் பேப்பரை அப்புறம் பார்க்கிறவரிடம் காரைக் கொடுக்கக் கூடாது. கார் யார் கையில் இருந்தாலும், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நாளைக்கு அந்தக் கார் எங்காவது மோதினால் நோட்டீஸ் உங்கள் அப்பா பெயருக்கு வரும். அதை வாங்கிப் படிக்கப்போவது உங்கள் அம்மா.

ஆர்.சி.யை வாரிசு பெயருக்கு மாற்றாமல் ஷோரூமுக்கும் முறையாக விற்க முடியாது. உரிமையாளர் இறந்தால் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டதால் அபராதம் கேட்கலாம், கட்டிவிட்டு முடித்துவிடுங்கள். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுக்க வேண்டும். அம்மா பெயருக்கே மாற்றுங்கள். முடிவெடுக்கும் உரிமையும் அவர் கைக்கு வந்துவிடும்.

அப்புறம் விலை. 45,000 என்று ஒரே தொகையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் பழைய காரின் மதிப்பு எவ்வளவு, எக்ஸ்சேஞ்ச் போனஸ் (பழைய காரைக் கொடுப்பதற்கான கூடுதல் தள்ளுபடி) எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய காரே கொடுக்காமல் புது கார் எடுத்தால் எவ்வளவு தள்ளுபடி என்றும் கேட்டு, இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல நேரம் காருக்கென்று அவர்கள் தருவது மிகச் சின்னத் தொகையாக இருக்கும்.

அம்மாவின் மனசைப் பற்றி. அவருக்குக் கார் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. மாருதி 800 தயாரிப்பு 2014-ல்தான் நின்றது. உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது. ஆனால் வைத்துக்கொள்வது என்றால் வாரம் ஒருமுறையாவது ஓட வேண்டும். தார்ப்பாய் போட்டு நிறுத்தினால் பேட்டரி இறங்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும், வயரை எலி கடிக்கும். செலவும் இருக்கிறது: 20 வயது தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். இன்சூரன்ஸும் பசுமை வரியும் தனி. யாரும் ஓட்டப்போவதில்லை என்றால், நல்ல ஓட்டத்தில் இருக்கும்போதே ஓட்டக் கற்றுக்கொள்ளும் யாராவது ஒருவருக்கு நேரடியாக விற்பதுதான் அந்தக் காருக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

விற்கும்போது படிவம் 29 (விற்ற தகவல்), படிவம் 30 (பெயர் மாற்ற விண்ணப்பம்) இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் போக வேண்டும். சாவி கொடுத்த தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஃபாஸ்டேக்கை மூடுங்கள், இல்லாவிட்டால் வாங்கியவர் வைகுந்தம் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது உங்கள் கணக்கில் பணம் போகும். பெயர் மாறிவிட்டதா என்று எம்பரிவாஹன் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் சொன்னார் என்று விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: ஏற்காட்டில் வீடு, தினமும் சேலத்தில் வேலை. ஏ.எம்.டி. கியர் (கிளட்ச் மிதி இல்லாமல் தானாக மாறும் கியர்) கார் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் டெஸ்ட் டிரைவை சேலம் நான்கு ரோடு பகுதியோடு முடித்துவிடாதீர்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள். நான்கு பேர் உட்கார்ந்து, ஏ.சி. போட்டு, ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். சில ஏ.எம்.டி. வண்டிகள் வளைவில் கியர் மாற்றும்போது ஒரு நொடி தயங்கும். அது உங்களுக்குச் சரிப்படுமா என்று ஓட்டினால்தான் தெரியும். நீங்கள் எடுக்கும் வேரியன்ட்டில் ஹில் ஹோல்டு (ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும்) வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சினின் இழுவை அங்கே நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறையும். இறங்கும்போது மேனுவல் மோடில் இரண்டாம் கியரில் வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.

கேள்வி: ஷோரூமில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கட்டாயமா?

பதில்: இல்லை. வெளியில் எடுத்துக் கொடுக்கலாம். பழைய காரில் கிளெய்ம் வாங்காமல் சேர்த்த போனஸ் உங்களுக்கு உரியது, காருக்கு அல்ல. விற்றதும் பழைய கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கினால், புது காரின் சொந்தச் சேத பிரீமியத்தில் (உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்குக் கட்டும் பகுதியில்) அதிகபட்சம் 50 சதவீதம் வரை குறையும். பில்லில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஏதாவது இருந்தால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.