பழைய பிக்கப்பில் சாவியைத் திருப்பினால் 'டிக்' சத்தம் மட்டும்: தனி ரிலே போட்டால் சரியாகுமா?

சாவி ஸ்விட்சும் கம்பியும்தான் காரணம் என்றால் சரியாகும். ரிலே என்பது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்ச். ஆனால் முதலில் பேட்டரி முனைகளையும் எர்த் கம்பியையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பல வண்டிகள் அதிலேயே கிளம்பிவிடும்.

அப்படியும் 'டிக்' என்றால், ஒருவர் சாவியைத் திருப்பும்போது, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சொலினாய்டின் சின்ன முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். பேட்டரியில் 11 வோல்ட், அங்கே 8 என்றால் தேய்ந்த சாவி ஸ்விட்சும் நீண்ட மெல்லிய கம்பியும் மீதியை விழுங்குகின்றன.

ஸ்டார்ட்டர் பக்கத்தில் 40 ஆம்பியர் ரிலே ஒன்று போதும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃப்யூஸ் வழியாகத் தடித்த கம்பி ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு, 87 சொலினாய்டின் அந்தச் சின்ன முனைக்கு, சாவியிலிருந்து வரும் பழைய கம்பி 86-க்கு, 85 எர்த். இனி சாவி சுமப்பது கால் ஆம்பியர்கூட இல்லை.

ஆட்டோமேட்டிக் வண்டியா? கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் நியூட்ரல் ஸ்விட்சைத் தவிர்த்து இணைத்துவிடாதீர்கள், கியரிலேயே பாய்ந்துவிடும். கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.