100 வாட்ஸ் வேண்டாம், நல்ல அடாப்டர் போதும்

கேள்வி: என்னிடம் 8 ஓம், 86 டெசிபல் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது. அறை 10-க்கு 12 அடி. சிடி பிளேயரிலும் மொபைலிலும் பாட்டுக் கேட்க 8,000 ரூபாய்க்குள் பவர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். கடையில் 100 வாட்ஸாவது வேண்டும் என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: உங்கள் அறைக்கு 100 வாட்ஸ் தேவையே இல்லை. 86 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம் வரும் என்று பொருள். எட்டடி தள்ளி உட்கார்ந்தால் அதில் ஏழெட்டு குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் மூன்று கூடும். ஆக, சேனலுக்கு ஒரே வாட்டில் 80 டெசிபல் வந்துவிடுகிறது. நாம் பேசிக்கொள்வது 60 அளவில்தான். தவில் அடி மாதிரி சட்டென்று எகிறும் இடங்களுக்கு 20 வாட்ஸ் இருந்தால் இன்னும் 13 டெசிபல் கைவசம் இருக்கும். 50-ஐ 100 ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். அதற்காகக் காசைக் கொட்டாதீர்கள். பெட்டியில் பிஎம்பிஓ என்று போட்டிருக்கும், விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய எண்ணைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

என் தேர்வு, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ 3116 சிப் வைத்த சின்ன கிளாஸ்-டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளி. உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும், அதிகம் சூடாகாது. ஆனால் கூடவே தரும் அடாப்டரைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள்: மொத்தமே 24 வாட்ஸ். அதிலிருந்து, பெட்டியில் போடும் "50+50" வாட்ஸ் எப்படி வரும்? அதோடு 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒன்பது வாட்ஸுக்கு மேல் சுத்தமாகக் கிடைக்காது. 24 வோல்ட், 4 ஆம்பியர் அடாப்டராக வாங்குங்கள். அதே சிப் 30 வாட்ஸை ஒட்டித் தரும், பேஸும் தடுமாறாது. மிச்சப் பணம் போக வேண்டிய இடம் இதுதான்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். வெறும் பவர் ஆம்ப்ளியில் வால்யூம் இருக்காது. சிடி பிளேயர் முழு லெவலில் பாடும். ஆகவே வால்யூம் குமிழ் உள்ள மாடலே எடுங்கள். அடுத்து, இந்தச் சிப் ஆம்ப்ளியில் இரண்டு சேனலின் ஸ்பீக்கர் மைனஸ் வயர்களையும் ஒன்றாகச் சேர்க்கவோ எர்த்தில் கொடுக்கவோ கூடாது, சிப் போய்விடக்கூடும்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை ஆம்ப்ளி செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைத்தால் அதுவும் அருமையான பொருள்தான். ஆனால் மல்டிமீட்டர் இல்லாமல் போகாதீர்கள். ஒருமுறை நான் சோதிக்காமல் மாட்டினேன். ஆன் செய்ததும் ஊஃபர் கோன் முன்னால் தள்ளி அப்படியே நின்றது. சில நொடியில் வார்னிஷ் கருகும் வாசனை. ஆம்ப்ளியின் அவுட்புட்டில் டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) வந்ததால் ஸ்பீக்கர் காயில் போயே போய்விட்டது. ஸ்பீக்கரை மாட்டுமுன், உள்ளே பாட்டுக் கொடுக்காமல், அவுட்புட் முனைகளில் டிசி அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் தைரியமாக மாட்டலாம். வோல்ட் கணக்கில் காட்டினால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காமல் திரும்புங்கள்.