முதல் டப்பாவை ஒளிக்கும் முன்: கோஆர்டினேட் பற்றிக் கேள்வி பதில்

தெரியாமல் இந்தப் பக்கம் வந்துவிட்டவர்களுக்கு இரண்டு வரி. ஜியோகேச்சிங்கில் ஒருவர் ஒரு டப்பாவை (கேச் என்பது இதைத்தான்) ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் கோஆர்டினேட்டை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை, வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸோடு போய்த் தேடி, உள்ளே இருக்கும் லாக்புக்கில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவைப் பழையபடி வைத்துவிட்டு வருவார்கள். நான் முப்பது வருடம் சர்வே வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு இந்தப் பைத்தியம் பிடித்தது. வாசகர்கள் கேட்டிருந்தவற்றில் கோஆர்டினேட் சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

சார், கையில் ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான் இருக்கிறது. முதல் கேச் வைக்க அது போதுமா? (தாம்பரம்)

போதும். திறந்த வானத்தின் கீழ் ஸ்மார்ட்போன் சாதாரணமாக 4.9 மீட்டருக்குள் காட்டும் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே சொல்கிறது. டப்பா தேட அது தாராளம். ஆனால் போனை எப்படிப் பிடிக்கிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இடத்துக்குப் போனதும் உடனே எண்ணைக் குறிக்காதீர்கள். ஆப்பைத் திறந்து வைத்து, வானம் தெரியும் இடத்தில் பத்து நிமிடம் விடுங்கள். இரும்புத் தகடு உள்ள கவரைக் கழற்றுங்கள். பேட்டரி சேவரை அணையுங்கள். வழி காட்டும் மேப் ஆப் வேண்டாம், அது உங்களை இழுத்துப் பக்கத்து ரோட்டில் நிறுத்திவிடும். செயற்கைக்கோள்களையும் எண்களையும் நேரடியாகக் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அசையாமல் நின்றால் பல போன்கள் எண்ணையும் அசையாமல் நிறுத்திவிடும். அதைப் பார்த்து ‘ஆஹா, என்ன துல்லியம்’ என்று ஏமாறாதீர்கள். முப்பது மீட்டர் தள்ளி நடந்துபோய், வேறு திசையிலிருந்து திரும்பி வந்து மறுபடி பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இதை இன்று பலமுறை சொல்வேன்: இன்னொரு நாள், இன்னொரு நேரத்தில் மறுபடி போங்கள். டப்பா எங்கே என்று தெரியாதவர்போல, நீங்கள் எழுதிய எண்ணை மட்டும் வைத்துத் தேடிப் பாருங்கள்.

ஆப்பில் ±3 மீ என்று வருகிறது. அப்படியானால் டப்பா மூன்று மீட்டருக்குள் இருக்கும்தானே? (ஈரோடு)

இல்லை. ஆண்ட்ராய்டில் அந்த வட்டத்துக்கு அர்த்தம், உண்மையான இடம் அதற்குள் இருக்க 68 சதவீதம் வாய்ப்பு என்பதுதான். மூன்றில் ஒரு தடவை வெளியே இருக்கும். அதோடு, அது போன் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மார்க்.

ஐயா, ஒரு குடோன் சுவரை ஒட்டிய புளியமரத்தடியில் வைக்கப் போகிறேன். என் ஆப் விநாடிக்கு ஒரு ரீடிங் எடுக்கிறது. பத்து நிமிடத்தில் 600 ரீடிங். சராசரி எடுத்தால் பிழை 600-இன் வர்க்கமூலத்தால் வகுபடும். 5 மீட்டர் பிழை 20 சென்டிமீட்டர் ஆகிவிடும். இதற்கு மேல் எதற்கு இன்னொரு நாள் போக வேண்டும்? (கோவை)

கணக்கு சரி. பொருத்திய இடம் தவறு. ஒவ்வொரு ரீடிங்கின் பிழையும் மற்றதோடு சம்பந்தமில்லாமல் இருந்தால்தான் அந்த வர்க்கமூலம் வேலை செய்யும். இங்கே அப்படி இல்லை. கோயில் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நூறு தடவை பார்த்துச் சராசரி எடுத்தால் சரியான நேரம் வந்துவிடுமா?

உங்கள் குடோன் சுவர்தான் அந்தக் கடிகாரம். செயற்கைக்கோள் சிக்னல் நேராகவும் வருகிறது, சுவரில் மோதித் தெறித்தும் வருகிறது. தெறித்தது சுற்றி வந்த தூரத்தையும் போன் சேர்த்து எண்ணிவிடும். செயற்கைக்கோள் இருப்பது 20,200 கிலோமீட்டர் உயரத்தில். பத்து நிமிடத்தில் அது வானில் கொஞ்சம்தான் நகரும். ஆகவே அதே சுவர், கிட்டத்தட்ட அதே கோணம், அதே பொய். நீங்கள் எடுத்தது 600 ரீடிங் இல்லை. ஒரே ரீடிங்கை 600 முறை எழுதியிருக்கிறீர்கள்.

போன் போதுமா, தனியாக ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா? (சேலம்)

முதல் பதில்.

மறுபடியும் கோவை. அப்படியானால் கார்மின் கம்பெனி ஜிபிஎஸ் கருவியில் சராசரி எடுக்கும் வசதியை எதற்கு வைத்திருக்கிறார்கள்? அவர்களுக்குத் தெரியாததா?

நல்ல கேள்வி. அந்த வசதியைப் பற்றி அவர்களுடைய கையேட்டில் என்ன இருக்கிறது என்று படித்தீர்களா? ஒரு இடத்துக்கு நான்கு முதல் எட்டு சாம்பிள் எடு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது 90 நிமிடம் விடு என்கிறது. அந்த 90 நிமிடம், செயற்கைக்கோள்கள் வேறு இடத்துக்கு நகர்வதற்காக.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் பூமியை ஒருமுறை சுற்ற 11 மணி 58 நிமிடம் எடுக்கும். ஆகவே நேற்று மாலை ஐந்து மணிக்கு வானத்தில் இருந்த அமைப்பு, இன்று நான்கு நிமிடம் முன்னதாக, 4.56-க்கு அப்படியே திரும்பி வரும். நேற்று ஐந்துக்குப் போனவர் இன்றும் ஐந்துக்கே போனால் சுவரும் அதே, கோணமும் அதே. பிழையும் அதே பக்கம் சாயும். இரண்டு நாளும் ஒரே எண் வந்தது என்று சந்தோஷப்படுவார். அதனால்தான் இன்னொரு *நாள்* என்பதோடு நிறுத்தாமல் இன்னொரு *நேரம்* என்றும் சொல்கிறேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

நான் கோவைக்காரர் பக்கம். புது போன்களில் இரண்டு அலைவரிசை ஜிபிஎஸ் வந்துவிட்டது. உங்கள் சுவர்க் கதை பழசு. (மதுரை)

பாதி சரி. 2018-இலிருந்து எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையையும் வாங்கும் போன்கள் வருகின்றன. நேராக வந்த சிக்னலையும் தெறித்து வந்ததையும் பிரித்தறிய எல்5 நன்றாக உதவும். சுவர்ப் பிழை குறையும், ஒழியாது. உங்கள் போனில் எல்5 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் இரண்டு தடவை போங்கள். பெட்ரோல் செலவு உங்களுடையது, எனக்கென்ன.

தளத்தில் எண்ணை எப்படிப் போடுவது? டிகிரி, நிமிடம், விநாடி எல்லாம் குழப்புகிறது. (புதுச்சேரி)

சுவர் கெடுப்பதைவிட இது அதிகமாகக் கெடுக்கிறது. சுவரால் ஐந்து, பத்து மீட்டர் போகும். இதில் ஊரே மாறிவிடும்.

ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். மேப்பில் வருவது 13.0827°. ஜியோகேச்சிங் தளம் கேட்பது டிகிரியும், மூன்று தசம இடம் வைத்த நிமிடமும்: வடக்கு 13° 04.962. விநாடியோடு எழுதினால் 13° 04' 57.7". புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60-ஆல் பெருக்கினால் நிமிடம் வரும் (0.0827 × 60 = 4.962). இதில் 57.7 விநாடியை அப்படியே நிமிடத்தின் தசமமாக்கி 13° 04.577 என்று போடுகிறவர்கள் உண்டு. டப்பா 700 மீட்டர் தெற்கே போய்விடும்! டேட்டம் (எண்கள் பூமியின் எந்த மாதிரியை வைத்துக் கணக்கிடப்படுகின்றன என்பது) டபிள்யூஜிஎஸ்84 என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

நம்மூரில் அந்தக் கடைசி தசம இடம், அதாவது 0.001 நிமிடம், இரண்டு திசையிலும் ஏறத்தாழ 1.8 மீட்டர். ஆகவே நான்காவது தசமத்துக்கு யாரும் அலைய வேண்டாம்.

சார், பழைய டோபோ ஷீட்டில் (சர்வே வரைபடத்தில்) பார்த்து எடுத்த எண்ணும் ஜிபிஎஸ் எண்ணும் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசப்படுகின்றன. எது சரி? நான் பரங்கிமலைப் பக்கம். (சென்னை)

இடம் சொன்னீர்களே, அதற்காகவே நீளமாகப் பதில் எழுதுகிறேன். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வேயே உங்கள் வீட்டுப் பக்கத்தில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே சங்கிலி வைத்து அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இந்தியாவுக்குப் பொருந்தும்படி பூமியின் உருவத்துக்கு ஒரு கணக்கு வகுத்தார். அந்த எவரெஸ்ட் கோளவுருவத்தை வைத்துத்தான் பழைய ஷீட்டுகள் போடப்பட்டன. அது இந்தியாவுக்கு மட்டும் கச்சிதமாகத் தைத்த சட்டை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது பூமி முழுவதற்கும் தைத்த டபிள்யூஜிஎஸ்84. இரண்டுக்கும் மையப்புள்ளியே வேறு. அதனால் நம் பக்கத்தில் எண்கள் நூறு மீட்டருக்கு மேல் விலகுகின்றன. ஷீட்டில் தப்பில்லை, ஜிபிஎஸ்ஸிலும் தப்பில்லை. தளத்தில் போட வேண்டியது டபிள்யூஜிஎஸ்84.

மாலை ஏழு மணிக்கு மேல் எண் ஆடுகிறது, பகலில் ஆடுவதில்லை. போன் கோளாறா? (திருநெல்வேலி)

இருக்கலாம். ஆனால் உங்கள் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடிப் பக்கமாகத்தான் போகிறது. திருவனந்தபுரம் பக்கம் தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவ இடம் பிடித்தது அதற்காகவே. சூரியன் மறைந்த பிறகு இந்தப் பட்டையில் அயனமண்டலம், அதாவது உயரே மின்னேற்றம் கொண்ட காற்றடுக்கு, கொந்தளிக்கும், அதைக் கடந்து வரும் சிக்னல் மினுங்கும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாத இரவுகளில் அதிகம். காலையில் போய் எடுங்கள். இருட்டில் புதருக்குள் டப்பாவோடு நின்று போலீஸிடம் விளக்கம் சொல்லும் வேலையும் மிச்சம்.

அண்ணா, கூகுள் மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து வரும் எண்ணைப் போட்டால் என்ன? (திருச்சி)

சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். மூலமாக எடுக்காதீர்கள். செயற்கைக்கோள் படமே சில மீட்டர் தள்ளி ஒட்டப்பட்டிருக்கலாம். மரத்தடி படத்தில் தெரியவும் தெரியாது.

பாலத்துக்கு அடியில் வைக்கிறேன். உள்ளே சிக்னலே இல்லை. (வேலூர்)

சர்வேக்காரன் வழி ஒன்று இருக்கிறது. பாலத்துக்கு வெளியே, வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் ஒரு புள்ளியை எடுங்கள். அங்கிருந்து டப்பா எந்தத் திசையில் என்று காம்பஸ் வைத்துப் பாருங்கள், தூரத்தை டேப் பிடித்து அளங்கள். திசையையும் தூரத்தையும் கொடுத்தால் புதுப் புள்ளியைக் கணக்கிட்டுத் தரும் வசதி கருவியிலும் ஆப்பிலும் உண்டு. 20 மீட்டரில் காம்பஸ் 2 டிகிரி தப்பினாலும் 70 சென்டிமீட்டர்தான் விலகும். பாலத்தடியில் போன் சொல்லும் பொய்யோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. காம்பஸை இரும்புக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அது எந்தப் பாலம் என்பதையும் யோசியுங்கள். ரயில் பாலம், ராணுவ இடம், விமான நிலையச் சுற்று என்றால் வேண்டவே வேண்டாம். கேட்பாரற்ற டப்பாவைப் பார்த்தால் ஜனங்கள் பயப்படுவார்கள்.

துல்லியமாகக் கொடுத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்களே. வேண்டுமென்றே பத்து மீட்டர் தள்ளிக் கொடுக்கலாமா? (ஓசூர்)

கூடாது. கஷ்டமாக்க வேண்டுமென்றால் டப்பாவை நன்றாக ஒளியுங்கள். எண்ணைப் பொய்யாக்கினால் பத்துப் பேர் பத்து மீட்டர் வட்டத்தில் செடியெல்லாம் மிதித்துக் கல்லெல்லாம் புரட்டிவிட்டுப் போவார்கள். 2000 மே 2 அன்று அமெரிக்கா ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. அதுவரை சாதாரண மக்களுக்கு 100 மீட்டர் வரை பிழை வரும். அடுத்த நாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் முதல் டப்பாவை வைத்தார். அதாவது, பிழை போனதால் பிறந்த விளையாட்டு இது. அதற்குள் நீங்கள் பிழையைத் திரும்பக் கொண்டு வருகிறீர்கள்!

வணக்கம் ஐயா, எங்கட இடத்திலயும் அந்தக் கடைசி தசமம் 1.8 மீட்டரோ? (டொரோன்டோ)

வடக்கு தெற்கில் கிட்டத்தட்ட அதேதான். கிழக்கு மேற்கில் உங்களுக்கு 1.3 மீட்டர். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும்.

பக்கத்தில் வேறு கேச் இருந்தால் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்? (நாகர்கோவில்)

161 மீட்டர். 165 மீட்டர்தான் வருகிறது என்றால் முதலில் உங்கள் எண்ணை இன்னொரு நேரத்தில் போய்ச் சரிபாருங்கள்.

போன் போதுமா சார்? (கரூர்)

போதும், போதும், போதும்.

கோவை. மதியம் ஒன்றரைக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டேன். வித்தியாசம் ஒன்றரை மீட்டர்தான். இப்போது என்ன சொல்கிறீர்கள்? வீட்டுப் பக்கத்து கிரவுண்டில் எடுத்தேன்.

கிரவுண்டில் அப்படித்தான் வரும், அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் போய் எடுத்தீர்களே, அது பெரிய விஷயம். டப்பாவைக் கிரவுண்டின் நடுவிலா வைக்கப் போகிறீர்கள்? குடோன் சுவர், புளியமரம் என்றல்லவா எழுதியிருந்தீர்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு அங்கே ஒன்று, மதியம் ஒன்று எடுங்கள். என்ன வந்தாலும், ஒன்றரை மீட்டரே வந்தாலும், இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள்.