அணைத் தண்ணீர் ஓரமாக டென்ட் போடலாமா?

கேள்வி: காட்டுக்குள் இருக்கும் ஒரு நீர்த்தேக்க முகாமில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். நான், கணவர், 4 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமியார். முன்பதிவு செய்து கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர், "கொஞ்சம் கூடக் கொடுங்கள், தண்ணீரை ஒட்டியே இடம் வாங்கித் தருகிறேன்" என்கிறார். ராத்திரியில் தண்ணீர் ஏறிவிடுமோ என்று மாமியாருக்குப் பயம். "இது வற்றும் காலம், ஏறவே ஏறாது" என்று ஏஜென்ட் அடித்துச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். உங்கள் மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அந்த ஏஜென்டின் உறுதியில் இல்லை.

நீர்த்தேக்கம் பார்வைக்கு ஏரி மாதிரி இருப்பதால்தான் இத்தனை குழப்பமும். ஒரு பள்ளத்தாக்கை அணை கட்டி மறித்து, அங்கே இருந்த காட்டோடு சேர்த்து மூழ்கடித்த தண்ணீர் அது. இன்றைக்குத் தண்ணீர் மலைச்சரிவில் எந்த இடத்தில் நிற்கிறதோ அதைத்தான் நாம் கரை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், நாளைக்கு அது வேறு இடத்தில் இருக்கும். ஏறுவதும் இறங்குவதும் மழையை மட்டும் பொறுத்ததும் இல்லை. பாசனத்துக்கு, மின்சாரத்துக்கு, குடிநீருக்கு என்று யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து ஷட்டரைத் திறக்கிறார், மூடுகிறார். நீங்கள் குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

சரி, தண்ணீர் எவ்வளவுதான் ஏறிவிடும் என்று கேட்பீர்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். உயரத்தை நினைக்கிறார்கள், தூரத்தை நினைப்பதில்லை. டென்ட் போட வசதியாக இருக்கும் இடம் எப்போதும் மெல்லிய சரிவாகத்தான் இருக்கும். 20 அடி நடந்தால் 1 அடி உயரும் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள், நடக்கும்போது அது சரிவு என்றே தெரியாது. அங்கே தண்ணீர் 1 அடி ஏறினால் 20 அடி உள்ளே வந்துவிடும். அலையும் வராது, சத்தமும் கேட்காது.

ஒரு முகாமில் விடிவதற்கு முன் எழுப்பப்பட்டு ஓடியிருக்கிறேன். ஒரு குடும்பம் தண்ணீர் ஓரம் படுத்திருந்தது. டென்டின் தரைவிரிப்புக்குக் கீழே தண்ணீர் புகுந்து, விரிப்பு தொட்டால் அமுங்கி எழும்பும் அளவுக்கு வந்த பிறகுதான் அம்மாவுக்கு விழிப்பு வந்திருக்கிறது. வாசலில் விட்ட குழந்தையின் செருப்பு ஒன்று பத்தடி தள்ளி மிதந்துகொண்டிருந்தது, இன்னொன்று கிடைக்கவே இல்லை. யாருக்கும் அடி இல்லை. விடிந்த பிறகு பார்த்தால் கூடாரத்தின் முன்பக்க முளைகள் இரண்டும் கலங்கிய தண்ணீருக்குள், அடித்த இடத்தில் அப்படியே நின்றன. அந்த இடத்தை அவர்களுக்குக் கொடுத்தவரும் ஒரு ஏஜென்ட்தான். முகாம் அலுவலகத்தில் கேட்டால், "அப்படி ஒரு இடமே எங்கள் வரைபடத்தில் இல்லையே" என்றார்கள். ஏஜென்டின் போன் அணைக்கப்பட்டிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள், பிறகு யார் என்ன சொன்னாலும் ஏமாற மாட்டீர்கள். விளம்பரத்தில் இருக்கும் படம் நீர்த்தேக்கம் நிரம்பி வழியும் நாளில் எடுத்தது. மரங்களுக்கு அடியிலேயே நீலத் தண்ணீர் தெரியும், பார்த்ததும் ஆசை வரும். நீங்கள் போவது தண்ணீர் பாதியாக இறங்கிய காலத்தில். முறையான இடத்தில் டென்ட் போட்டால் தண்ணீர் எங்கேயோ தூரத்தில், நடுவில் வெறும் சேற்றுத் திட்டு. "படத்தில் காட்டியது இது இல்லையே" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார். சண்டையைத் தவிர்க்க ஏஜென்ட் என்ன செய்கிறார், டென்டைக் கீழே இறக்கிவிடுகிறார். அதாவது, நீர்த்தேக்கத்தின் வயிற்றுக்குள்ளேயே உங்களைப் படுக்க வைக்கிறார். அதற்குக் கூடுதல் காசும் வாங்கிக்கொள்கிறார். தண்ணீரை ஒட்டிய சிறப்பு இடம் என்று அவர் விற்பது பெரும்பாலும் இதைத்தான், முகாம் நடத்துகிறவர்களுக்கே தெரியாத ஒரு இடத்தை.

இப்போது அவர் சொன்ன "வற்றும் காலம்" கதைக்கு வருகிறேன். பொதுவாக அது உண்மை. மழை இல்லாத மாதங்களில் தண்ணீர் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆனால் இதற்கு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வானம் தெளிவாக இருக்கும் நாளில்தான் அது ஆளை மாட்டிவிடும்.

சில நீர்த்தேக்கங்கள் ஜோடியாக இருக்கும், மேலே ஒன்று, கீழே ஒன்று. மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் மேலிருந்து கீழே தண்ணீரை விட்டு மின்சாரம் எடுப்பார்கள். தேவை குறைந்த நேரத்தில், பல இடங்களில் அது ராத்திரி, அதே தண்ணீரைப் பம்ப் போட்டு மேலே ஏற்றுவார்கள். அப்படியானால் மேலே இருக்கும் நீர்த்தேக்கத்தில் நீங்கள் தூங்கும் நேரத்தில் நீர்மட்டம் ஏறும், கீழே இருப்பதில் மின்சாரம் எடுக்கும் நேரத்தில் ஏறும். ஒரு சொட்டு மழை வேண்டாம். சில இடங்களில் ஒரே நாளில் மட்டம் பல மீட்டர் மாறும். உங்கள் நீர்த்தேக்கம் அந்த வகையா என்று கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. முகாம் அலுவலகத்தில் கேளுங்கள்: "இங்கே தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும் மின் நிலையம் இருக்கிறதா?" அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் பாறைகளைப் பாருங்கள். நாட்கணக்காக மழை இல்லாதபோதும், இப்போதைய தண்ணீருக்கு மேலே ஒரு அகலமான பட்டை ஈரமாகவே இருந்தால், இன்றைக்குத் தண்ணீர் அதுவரை வந்துபோயிருக்கிறது. ஈரம் காயும் முன் திரும்ப வரும். ஜோடி நீர்த்தேக்கம் இல்லாவிட்டாலும், மேலே இன்னொரு அணை இருந்து அதைத் திறந்துவிட்டால் இதே கதைதான். அதனால் "மழைக்காலம் இல்லை" என்பதை மட்டும் வைத்து யாரும் உங்களுக்கு உறுதி கொடுக்க முடியாது, கொடுப்பவர் தெரியாமல் பேசுகிறார் அல்லது தெரிந்தே பேசுகிறார்.

பாதுகாப்பான இடத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம், எந்தக் கருவியும் வேண்டாம். தண்ணீர் ஓரத்தில் நின்று, தண்ணீருக்கு முதுகைக் காட்டி மேல்நோக்கி நடங்கள். முதலில் வெறும் சேறும் சரளையும் வரும். அப்புறம் ஒரே சீசனில் முளைத்த பச்சைப் புல்லும் களையும் வரும், அதைப் பார்த்து இது தரை என்று நம்பிவிடாதீர்கள், போன தடவை தண்ணீர் இறங்கிய பிறகு முளைத்தது அது. இன்னும் மேலே போனால் சுள்ளி, காய்ந்த இலை, விதைக்கூடு, நசுங்கிய பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் ஒரே கோடாக, யாரோ பெருக்கி ஒதுக்கியது போலக் கிடக்கும். தண்ணீர் கொண்டுவந்து ஒதுக்கிய கோடு அது. ஒன்றுக்குமேல் இருந்தால் மிக மேலே இருப்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அதையும் தாண்டி, வயதான மரங்கள் உயிரோடு நிற்கும் இடம் வந்ததும் அடிமரத்தைப் பாருங்கள். பட்டையில் சேற்றுக்கறை ஒரே மட்டமாக ஓடாமல் இருந்தால் அங்கே டென்ட் போடலாம். போடும் முன் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளை தலைக்கு மேலே தொங்கினால் வேறு மரம், காற்றே இல்லாத ராத்திரியிலும் காய்ந்த கிளை விழும்.

அணைக்குக் கீழே, ஆற்றுப் படுகையில் இடம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள். ஷட்டர் திறந்தால் அங்கே தண்ணீர் நிமிடங்களில் வரும். சைரன் ஒலித்தால் பாறையில் காயப்போட்ட துணியைக்கூட எடுக்காமல் மேலே ஏற வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது ஏஜென்டுகள் மேல் மட்டும் இல்லை. அணை ஒரு துறை, காடு ஒரு துறை, முகாம் இன்னொருவர் கையில் என்று பிரிந்து கிடக்கும் இடங்களில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. நீர்மட்டம் எவ்வளவு என்பதை அணைக்காரர்கள் ஒவ்வொரு நாளும் அளந்து எழுதிவைக்கிறார்கள். அந்த எண் முகாம் வாசலுக்கு வந்து சேர்வதில்லை. வாசலில் இருக்கும் பலகையில் குளிக்காதே, குப்பை போடாதே, சத்தம் போடாதே என்று இருபது வரி இருக்கும். இன்றைய மட்டம் இவ்வளவு, முழுக் கொள்ளளவு இவ்வளவு, இன்றிரவு ஏறுமா இறங்குமா என்று மூன்று வரி சாக்பீஸால் எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை. இதை எத்தனையோ கூட்டங்களில் சொல்லிவிட்டேன். தலையாட்டுகிறார்கள், அடுத்த வருடம் போனால் அதே பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

பலகை எழுதாவிட்டால் நீங்களே அளந்துகொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள், அந்த வேலையை 9 வயதுப் பிள்ளையிடமே கொடுக்கலாம், நீங்கள் கூடப் போனால் போதும். இருட்டும் முன் ஒருமுறை, படுக்கும் முன் டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள். குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால் ஏறுகிறது என்று அர்த்தம். சரியான உயரத்தில் டென்ட் போட்டிருந்தால் அப்போதும் பதற வேண்டியதில்லை, கீழே விட்டுவைத்த சாமானை மேலே எடுத்தால் போதும்.

ஆனால் குச்சி நடப் போகும்போது சேற்றைக் கவனியுங்கள். தண்ணீர் சமீபத்தில் இறங்கிய இடத்தில் மேல்தோல் காய்ந்து வெடித்து, கல் மாதிரி தெரியும். அடியில் வண்டல் கூழாக இருக்கும். பிள்ளைகள் ஓடுவார்கள், முழங்கால் வரை இறங்கிவிடும். மாட்டிக்கொண்டால் காலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, உடல் பாரத்தைப் பரப்பி, காலை மெல்ல மெல்ல ஆட்டி எடுக்க வேண்டும். காப்பாற்றப் போகிறவர் பாயோ பலகையோ போட்டு அதன்மேல் போக வேண்டும். வெறுங்காலோடு ஓடினால் அவரும் மாட்டுவார்.

தண்ணீரில் இறங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது. மூழ்கிய காட்டின் அடிமரங்கள் உள்ளேதான் நிற்கின்றன, மேலிருந்து தெரியாது. தரை நான்கு எட்டு மெதுவாக இறங்கும், ஐந்தாவது எட்டில் பழைய பள்ளத்தாக்கின் விளிம்பு வந்து காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. மேலே வெதுவெதுப்பு, ஒரு ஆள் ஆழத்தில் சில்லென்று இருக்கும். காற்று ஊதிய வளையங்களும் கைப்பட்டைகளும் விளையாட்டுச் சாமான்கள், கரையிலிருந்து வீசும் காற்று அவற்றைப் பிள்ளையோடு நடுத் தண்ணீருக்குக் கொண்டுபோய்விடும். உடல் எடைக்குச் சரியான அளவு லைஃப் ஜாக்கெட் மட்டும்தான் கணக்கு. நான்கு வயதுக் குழந்தைக்கு அதைப் போட்ட பிறகும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். மூழ்கும் குழந்தை கூப்பிடாது, அதற்கு மூச்சு இருக்காது.

இன்னொன்று, காட்டுக்குள் ராத்திரி குளிரும் என்று கரி அடுப்பை டென்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அணைந்துவிட்டது போலத் தெரியும் கரியும் மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழமாட்டார். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கிறதே என்பதெல்லாம் பேச்சுக்கு ஆகாது. மாமியாருக்குக் குளிர்ந்தால் கூடுதலாக ஒரு போர்வை, தரைக்கும் உடம்புக்கும் நடுவில் தடித்த மெத்தைவிரிப்பு. குளிர் தரையிலிருந்தும் ஏறுகிறது.

குடிக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். அது தீர்ந்து நீர்த்தேக்கத் தண்ணீரை எடுக்க நேர்ந்தால், தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் கொதிக்க வேண்டும், 2,000 மீட்டருக்கு மேலான மலை என்றால் 3 நிமிடம். பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஆடை படர்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் எதற்கும் ஆகாது, கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

இடத்துக்கே திரும்ப வருகிறேன். ஏஜென்டிடம் இன்றைக்கே மூன்று விஷயம் கேளுங்கள். இடத்தின் எண் என்ன, அந்த எண் முகாமின் சொந்த வரைபடத்தில் எங்கே இருக்கிறது, ரசீதும் அனுமதியும் உங்கள் பெயரில் இருக்கிறதா. பலர் மொத்தமாகத் தங்கள் பெயரில் எடுத்து வைத்துக்கொண்டு விற்கிறார்கள், வாசலில் பெயர் பொருந்தாமல் குடும்பத்தோடு திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். "அங்கே வந்ததும் நம்ம ஆள் காட்டுவார்" என்று பதில் வந்தால் கொடுத்த அட்வான்ஸைத் திரும்பக் கேட்டுவிட்டு, முகாம் அலுவலகத்துக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள். அவர்களிடம் கழிப்பறைக்குப் பக்கத்தில், மேட்டில், ஒரு இடம் வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த இடத்துக்கு யாரும் போட்டி போட மாட்டார்கள், பெரும்பாலும் காலியாகவே இருக்கும். மாமியார் ராத்திரி இரண்டு தடவை எழுந்தாலும் சரிவில் இறங்கி ஏற வேண்டியதில்லை.