நீர்மூழ்கி ரேடியோவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் போதுமா?

கேள்வி: மகன் சேலத்தில் பிளஸ் டூ படிக்கிறான். நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசும் கடற்படை ரேடியோ நிலையத்தில்தான் வேலை என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் போதுமா? கடலுக்கடியில் அனுப்பிவிடுவார்களோ என்று அவன் அம்மாவுக்குப் பயம்.

பதில்: நிலையம் தரையில்தான் இருக்கிறது. நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற அந்தக் கடற்படை நிலையம் 1990 முதல் இயங்குகிறது. ஆனால் சீருடை போட்டபின் எந்த ஊர், எந்தப் பணி என்பதைக் கடற்படைதான் முடிவு செய்யும். இதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

'பேசும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து பேச்சே போகாது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் சாதாரண ரேடியோ அலை மேற்பரப்பிலேயே அடங்கிவிடும். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை பத்து, இருபது மீட்டர் இறங்கும். 18.2 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அலைநீளம் ஏறக்குறைய 16.5 கிலோமீட்டர். ஆன்டெனா நன்றாக இயங்க அதில் கால் பங்கு உயரம் வேண்டும்; அந்த உயரத்துக்குக் கோபுரம் கட்டுவதென்றால், சேர்வராயன் மலையை இரண்டாக அடுக்கினாலும் எட்டாது. சில நூறு மீட்டர் கோபுரங்களை வைத்துக்கொண்டு, குறையைப் பெரிய காயில்களால் (கம்பிச்சுருள்கள்) ஈடுகட்டுகிறார்கள். விளைவு, ஆன்டெனாவில் கடும் மின்னழுத்தம். இன்சுலேட்டரில் அழுக்கு படிந்தால் மின்கசிவு. அலைவரிசையின் அகலமோ மிகக் குறுகல். அதனால் எழுத்துச் செய்தி மட்டும் மெதுவாகப் போகும், அதுவும் ஒருவழியாக. நீர்மூழ்கி அதே வழியில் பதில் அனுப்ப முடியாது.

ஆக, இந்த வேலையின் உயிர்நாடி மின்காந்தவியலும் உயர் மின்னழுத்தமும். ஈ.சி.ஈ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) அல்லது ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) எடுக்கட்டும். சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் இரண்டுமே உண்டு. கோடிங்கைப் பக்கத்தில் கற்றுக்கொள்ளலாம். மின்காந்தவியலின் அடிப்படையான மேக்ஸ்வெல் சமன்பாடுகளை அப்படிக் கற்பது கடினம். படித்தபின் சீருடை வேண்டாமென்றால் பொதுத்துறை நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸ், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. இருக்கின்றன, டி.ஆர்.டி.ஓ.வுக்கு கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண் முக்கியம்.

சீருடைதான் என்றால், நம் பக்கத்துப் பிள்ளைகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பொறியியல் கலந்தாய்வு கட்-ஆஃபையே கணக்குப் போட்டு, ஜே.இ.இ. மெயின் என்ற தேசிய நுழைவுத் தேர்வை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். கேரளத்தின் எழிமலை கடற்படை அகாடமியின் பி.டெக். நுழைவுக்கு அந்த ரேங்க் இல்லாமல் அழைப்பே வராது. இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 70 சதவீதமும், பத்திலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும். அதன்பின் எஸ்.எஸ்.பி. (படை அதிகாரித் தேர்வு வாரியம்) நேர்காணல், மருத்துவப் பரிசோதனை. என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வையும் சேர்த்தே எழுதலாம்.

பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுமுன் கண் மருத்துவரிடம் நிறப்பார்வைச் சோதனை செய்துவிடுங்கள். அதில் குறை இருந்தால் பயிற்சியால் சரியாகாது. சீருடை இல்லாத வழியை இப்போதே திட்டமிடலாம்.