போர்ட் ப்ரொபைலை மாற்றினால் வேகம் ஏன் குறைகிறது?

கேள்வி: அண்ணா, வீட்டில் ஏடிஎஸ்எல்2+ இணைப்பு (டெலிபோன் வயரில் வரும் நெட்). மழை தொடங்கினால் போதும், ரவுட்டரில் டிஎஸ்எல் லைட் மின்னி மின்னி நெட் விழுந்துவிடும். முறைப்பாடு கொடுத்தேன். யாரும் வரவில்லை, "போர்ட் ப்ரொபைலை மாற்றிவிட்டோம்" என்று போனில் சொன்னார்கள். இப்போது விழுவதில்லை, ஆனால் 14 எம்பிபிஎஸ் 10 ஆகிவிட்டது. ஏமாற்றுகிறார்களா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஏமாற்று இல்லை தம்பி, ஆனால் பாதி வேலைதான் செய்திருக்கிறார்கள். உங்கள் செம்பு வயர் போய் முடிகிற இடத்தில், எக்ஸ்சேஞ்சிலோ தெருவோரப் பெட்டியிலோ, டிஎஸ்லாம் என்றொரு கருவி இருக்கிறது. அதில் உங்கள் வீட்டுக்கென்று ஒரு போர்ட். அதிகபட்ச வேகம் எவ்வளவு, இரைச்சலுக்கு, அதாவது லைனில் கலக்கும் மின் குறுக்கீட்டுக்கு, எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் போர்ட்டுக்குக் கொடுத்த ப்ரொபைலில் இருக்கும். இரைச்சலுக்கு வழக்கமாக விடுவது 6 டெசிபெல். உங்களுக்கு அதை 12 ஆக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் 3 டெசிபெல் கூட்டினால் லைனில் உள்ள ஒவ்வொரு சிறு அலைவரிசையும் ஒரு பிட் குறைவாகச் சுமக்கும், அப்படி நானூறுக்கு மேற்பட்டவை செக்கனுக்கு 4,000 தடவை சுமப்பதால் ஒன்றரை எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போய்விடும். 6 டெசிபெலுக்கு இரண்டு மடங்கு. உங்கள் 4 எம்பிபிஎஸ் போனது அங்கேதான். இன்டர்லீவிங்கையும் (இரைச்சலில் தரவு கெடாமலிருக்க அதைக் கலைத்து அனுப்பும் முறை) கூட்டியிருந்தால் கேம் விளையாடும்போது பிங், அதாவது பதில் வர எடுக்கும் நேரம், கொஞ்சம் ஏறியிருக்கும்.

ஆனால் மழைக்கு மட்டும் விழுகிற லைனில் பழுது போர்ட்டில் இல்லை, வயரில். அதே லைனில் உள்ள வீட்டுப் போனை எடுத்து ஒரு இலக்கத்தை அழுத்திவிட்டு அமைதியாகக் கேளுங்கள். கரகர என்றால் எங்கோ இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது. எங்கள் வீட்டில் கூரை விளிம்புக்குக் கீழே இருந்த சின்ன வெள்ளைப் பெட்டியைத் திறந்தபோது செம்பு முனை இரண்டும் பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தன. முனையை வெட்டிப் புதிதாக இணைத்த அன்றே சத்தம் நின்றது. வீட்டில் வேறு போன் ஸ்ப்ளிட்டர் (போன் பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) இல்லாமல் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் இதே தொல்லை தரும்.

அப்புறம் மறுபடி முறைப்பாடு கொடுங்கள், இந்த முறை "நெட் ஸ்லோ" என்று சொல்லாமல் "மழையில் லைனில் இரைச்சல், வயரைப் பார்க்க ஆள் அனுப்புங்கள், சரிசெய்த பிறகு ப்ரொபைலைப் பழையபடி மாற்றுங்கள்" என்று சொல்லி முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். அதுவரை ரவுட்டரின் ரீசெட் துளையில் மட்டும் ஊசியை விடாதீர்கள், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோய் இருக்கிற 10 எம்பிபிஎஸ்ஸும் இல்லாமல் போகும்.